நுண்செயலி அறிந்த மொழி எது?



பிள்ளைகளுக்குக் கணினி வாங்கச் செல்லும் பெற்றோர் விலையைக் கேட்கின்றனர். நினைவக அளவையும் கேட்கின்றனர். உள்ளே இருக்கும் நுண்செயலி எவ்வகையைச் சார்ந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அல்லவா? ஆகவே அதனை இங்கு விளக்க முற்படுகிறேன்.

நுண்செயலியைக் கணினியின் மூளை என்பர். அவ்வுவமை எனக்கு அத்துணைப் பொருத்தமாகத் தோன்றவில்லை. மூளை சிந்திக்கும்; நுண்செயலியோ தனக்குத் தெரிந்த கட்டளைகளை மட்டுமே நிறைவேற்றும். அக்கட்டளைகளின் தொகுப்பே அதன் மொழி. அம்மொழியை ஒட்டியே நுண்செயலிகளை வகை பிரிக்கின்றனர்.

பெரட்டுக் களத்தில் கங்காணி, பழகிய தொழிலாளியிடம், "உன் நிரையை வெட்டி முடி" என்பார். அது போதும். புதியவரிடமோ, "ஒட்டுப்பாலை எடு, பட்டையைச் சீவு, மங்கை வை" என்று சிறு சிறு கட்டளைகளாகச் சொல்ல வேண்டும். 1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 சில்லிலிருந்து வளர்ந்த 'எக்ஸ்86' வகையில் நீண்ட கட்டளைகளும் உண்டு. 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் நிறுவனத்தார் உருவாக்கிய 'ஆர்ம்' வகை, சிறிய, ஒரே அளவான கட்டளைகளைக் கொண்டது. எளிய அமைப்பாதலால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும்படி செய்வது எளிது. நம் கைத்தொலைபேசிகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே. இன்றைய எக்ஸ்86 சில்லும் நீண்ட கட்டளையை உள்ளுக்குள் சிறு துண்டுகளாக்கியே செய்கிறது. ஆகவே இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை.

ஆனால் ஒன்றுக்கென ஆக்கிய நிரல் மற்றொன்றுக்கு நேரடியாக விளங்காது. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சில்லுகளை விட்டுத் தன் சொந்த ஆர்ம் வகைச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியபோது, பழைய நிரல்களை மொழிபெயர்க்க ஒரு மென்பொருளையும் உடன் தந்தது. ஆர்ம் வகை விண்டோஸ் மடிக்கணினியிலும் இத்தகைய மொழிபெயர்ப்பு உண்டு. ஆயினும் அச்சுப்பொறி போன்ற கருவிகளை இயக்கும் நிரல் ஆர்முக்கெனவே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டில் பழைய அச்சுப்பொறி இருப்பின், அது இயங்குமா என்று கடைக்காரரிடம் முன்னரே கேட்டறிக.

இம்மொழிகளுக்கு உரிமையாளரும் உளர். நம் மலாக்காவில், பத்து பெரெண்டாமில் 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய தொழிற்சாலை இன்று இன்ஃபினியன் என்னும் பெயரில் நடைபெறுகின்றது. தோட்டத்துப் பெண்கள் பலர் விடியுமுன் பேருந்தேறிச் சென்று உழைத்தது இத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகளில்தான். சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணி நம் நாட்டில் ஐம்பதாண்டுகளாக நடந்தும், நுண்செயலியின் மொழியை வகுத்தோர் வெளிநாட்டினரே. 2025 மார்ச்சில் மலேசிய அரசு, ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்புகளைப் பெறப் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் செலுத்த உடன்பட்டது.

உரிமைக் கட்டணம் இல்லாத மொழியும் ஒன்றுண்டு. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்பதே அது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி குழுவினர் அதைக் கொண்டு 'சக்தி' என்னும் நுண்செயலியை வடிவமைத்து, 2018-இல் சில்லாக இயக்கிக் காட்டினர். அதன் வடிவமைப்பு இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளது. விரும்பும் மாணவர் எவரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம்.