உடலுக்குள் வைக்கும் கருவியும் அதைச் சுற்றி எழும் சுவரும்

நோன்பு திறக்க நம் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுகிறோம். ஒரு கைப்பிடிப் பாசி ஒரு சட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வெட்டினால் துண்டாக நிற்கிறது. இப்படித் தன் வலைக்குள் நீரைப் பிடித்து நிற்கும் பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். கண்ணில் வைக்கும் மென்மையான கான்டாக்ட் லென்ஸும் இந்த இனம்தான். செக்கோஸ்லோவாகிய அறிஞர் ஓட்டோ விக்டர்லே 1961-இல் சிறுவர் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு இயந்திரம் அமைத்து அந்த லென்ஸை வார்த்தெடுத்தார்.

இப்பொருளுக்கு இன்று வேறொரு பெரிய வேலை காத்திருக்கிறது. உடலுக்குள் அந்நியப் பொருள் எதுவும் நுழைந்தால், சில நிமிடங்களிலேயே இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. பின் காவல் செல்கள் சூழ்கின்றன. கரைக்க முடியாததைக் கண்டால், சில வாரங்களில் அதைச் சுற்றி நார்ச்சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகின்றன. எலும்பில் வைத்த தகட்டுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. சர்க்கரை அளக்கும் சென்சாருக்கோ இது கண்ணைக் கட்டியது போல. கையில் ஒட்டும் சென்சார்களில் பெரும்பாலானவற்றை 10 முதல் 15 நாளில் மாற்ற வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் சமமாக உள்ள ஒரு ஜெல்லைச் செய்தார்கள். அது நீரை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்வதால் புரதம் ஒட்ட இடமில்லை. எலிகளின் உடலில் 3 மாதம் வைத்தும் சுவர் எழவில்லை என்று 2013-இல் அறிவித்தார்கள்.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டை எடுத்துக்கொண்டார்கள். அதை 774 விதமாக மாற்றிப் பார்த்து, சுவர் எழுப்பத் தூண்டாத சிலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். குரங்குகளில் 6 மாதம் வரை அவை தாக்குப்பிடித்தன. அத்தகைய ஜெல் உருண்டைக்குள், மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களை அடைத்துச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு வைத்தபோது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே 174 நாள் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இது 2016-இல் வெளிவந்தது.

முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதன் அருமை புரியும். பிறரிடமிருந்து எடுத்த கணையச் செல்களை வைத்துக்கொண்டால், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து உண்ண வேண்டும். சாதாரண காய்ச்சலும் அப்போது அச்சம் தரும். ஜெல் உறை அந்த மருந்துக்கு வேலையில்லாமல் செய்யும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் எலி, குரங்கு கடந்து மனிதரிடம் இதே பலன் நிலைக்க வேண்டும். அது இன்னும் மருத்துவமனைச் சிகிச்சையாகவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே "ஜெல் வைத்துச் சர்க்கரையைக் குணமாக்குகிறோம்" என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பேச்சை நம்பிப் பிள்ளையின் இன்சுலினை நிறுத்தவே கூடாது. முதல் வகை நோயில் ஒன்றிரண்டு நாள் ஊசி தவறினாலே இரத்தம் அமிலமாகி, பிள்ளை மயங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.