கீபோர்டு யார் கையில்?

ஐ.டி. கம்பெனி டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் சடங்கு ‘கே.டி.’, அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். மீட்டிங் அறையில் ஸ்லைடு ஓடும், சீனியர் பேசுவார், ஃப்ரெஷர் தலையாட்டுவார். ரெக்கார்டிங் லிங்க்கும் வரும். அதை யாரும் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. அடுத்த வாரம் முதல் டிக்கெட், அதாவது சரிசெய்ய வேண்டிய புகார், வந்து விழும்போது பிள்ளை விழிக்கும். “அதான் கே.டி.யில சொன்னேனே?” என்பார் சீனியர்.

புரோகிராமிங் மொழி தெரியாதது இங்கே பெரிய சிக்கல் இல்லை. பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, 2005 முதல் புரோகிராமர்களாக்கி வருகிறது ஸோஹோ நிறுவனம். தடுமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-ல் எழுதிய கட்டுரையில் அதைத் தொட்டிருக்கிறார். ஒரு புரோகிராம் ஏன் இப்படி எழுதப்பட்டது, எங்கே கை வைத்தால் எது உடையும் என்ற புரிதல் எழுதியவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. ஆவணத்தில் அது முழுசாக இறங்காது. தெரிந்தவரோடு சேர்ந்து வேலை செய்துதான் புதியவர் அதைப் பெற முடியும் என்பது அவர் வாதம்.

ஒரு சின்ன பக்கை (புரோகிராம் பிழையை) எடுத்துக்கொள்வோம். பில் பட்டியல் 1, 10, 11, 2 என்று வரிசை மாறி வருகிறது. சீனியருக்குப் பார்த்தவுடன் தெரியும்: பில் எண் டெக்ஸ்ட்டாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 2-க்கு முன்னால் 10 வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் அவரே சரிசெய்துவிடலாம். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

“அக்கா, இதை நம்பரா மாத்திட்டா சரியாயிடும்ல?”

“மாத்தலாம். ஆனா முதல்ல ஏன் டெக்ஸ்ட்டா வெச்சாங்கன்னு பாரு. எல்லா பிராஞ்ச் பில்லையும் எடுத்துப் பாரு.”

தேடினால் ஒரு கிளையின் பில்கள் மட்டும் ‘டி-112’ என்று எழுத்தோடு தொடங்குவது தெரியவரும். நம்பராக மாற்றியிருந்தால் அந்தக் கிளையில் பில்லே போட முடியாது. நவுர் சொன்ன புரிதல் இதுதான். எந்த ஸ்லைடிலும் இது இருக்காது.

ஆகவே என் கட்சி இது: முதல் வாரமே ஒரு நிஜமான, சின்ன பக்கைக் கொடுங்கள். கீபோர்டு ஃப்ரெஷர் கையில்; சீனியர் பக்கத்து நாற்காலியில். மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் 1999-ல் புத்தகமாகவே எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையிலும் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்தான்.

தனியாக விட்டால்தான் கற்பார்கள் என்ற கட்சியும் உண்டு. கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் பழகினோம் என்பவர்கள் முதுகில் கட்டியிருந்த சுரைக்குடுக்கையை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் அல்ஜீப்ரா மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில், ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் தாமே முட்டி மோதுவதைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்து நன்றாகக் கற்றார்கள். தேர்ச்சி வந்த பிறகு அதே உதவி இடைஞ்சலாகிவிடும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவு. அதனால் முதல் பக்கைச் சேர்ந்து பாருங்கள். அடுத்ததற்கு அருகில் மட்டும் இருங்கள். அதற்கடுத்ததை கோட் ரிவ்யூவில் பார்த்தால் போதும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதலாமா? எழுதட்டும். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாத கோட் எதையும் மெயின் புரோகிராமில் மெர்ஜ் செய்யக் கூடாது. சீனியருக்கும் இதே சட்டம்தான்.

இதற்கெல்லாம் நேரம்? தாமதமாகிவிட்ட புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கற்றுக்கொடுக்கும் நேரம் வேலை தெரிந்தவரிடமிருந்துதான் போகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. டெட்லைன் கழுத்தை நெரிக்கும்போது ஃப்ரெஷரைக் கேட்டு வாங்காதீர்கள் மேனேஜர்களே. வாங்கினால், பக்கத்தில் உட்காரும் சீனியரின் டிக்கெட்டுகளில் பாதியை அந்த மாதத்துக்கு எடுத்துவிடுங்கள்.