மாணவர் கையில் உருவான செயற்கைக்கோள்

2023 ஏப்ரல் 16 முதல் 21 வரை, 'காஸ்பார்' என்ற உலக விண்வெளி ஆய்வுக் குழு சிங்கப்பூரில் கருத்தரங்கு நடத்தியது. பேசுபொருள் சிறிய செயற்கைக்கோள்கள். அதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் ஏது!

2015 டிசம்பர் 16 அன்று, இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட் சுமந்து சென்ற ஆறு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களில் ஒன்று கலாசியா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கியது. பத்து சென்டிமீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்களின் அளவை அறிவது அதன் பணி. தேக்காவில் கடை தேடும்போது கைப்பேசி காட்டும் இடம் சற்றே விலகுகிறதா? இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் கடந்துவரும் அந்த மண்டலமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கருத்தரங்கு முடிந்த மறுநாளே, சிங்கப்பூரின் டெலியோஸ்-2 செயற்கைக்கோள் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது.