கதுப்பும் நமக்குத்தான்! மாம்பழம் பற்றிச் சில சேதிகள்



சித்திரை பிறந்துவிட்டால் உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் இருக்கும் நம்ம ஊருக்கும் மாம்பழ வாசனை வந்துவிடுகிறது. எலவனாசூர்கோட்டையில் ஒரு குழுக் கூட்டம். சந்தா எழுதி முடித்தபிறகு பேச்சு மாம்பழத்துக்குப் போனது. "போன வருஷம் நீங்க எத்தனை பழம் சாப்பிட்டீங்க?" என்று கேட்டோம். ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "பழம் எங்கே சாப்பிட்டேன்? கொட்டையைத்தான் சப்பினேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அங்கே இருந்த முக்கால்வாசிப் பேருக்கும் அதே கதைதான். ஒரு கதுப்பு வீட்டுக்காரருக்கு, ஒரு கதுப்பு பிள்ளைக்கு, கொட்டை நமக்கு.

கொட்டை சப்புவதும் ருசிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கும் ஒரு முழுப்பழம் வேண்டும். ஏன் வேண்டும், நல்ல பழத்தை எப்படி அடைவது என்று இந்தப் பக்கத்தில் பார்ப்போம்.

அம்மையார் கதை

காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். கணவர் இரண்டு மாங்கனி அனுப்பினார். ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்தார் அம்மையார். மற்றொன்றைக் கணவருக்குச் சாப்பாட்டில் வைத்தார். ருசி பிடித்துப்போய்க் கணவர் இன்னொன்றும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெற்று அதையும் கொடுத்தார். இன்றும் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீட்டு மாடியில் இருந்து ஜனங்கள் மாம்பழம் வீசுவார்கள். நம் உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் பாடிய அடியார் வரிசையிலும் இந்த அம்மையார் இருக்கிறார்.

பெரிய மனசு, பெரிய பக்தி. ஆனால் கதையில் இத்தனை பழம் வந்தும் அம்மையார் ஒரு துண்டு சாப்பிட்டதாக இல்லை! நம் வீடுகளில் அந்த அற்புதம் நடக்காது. வைத்தால்தான் உண்டு.

எந்த மாசத்தில் எந்தப் பழம்

முதலில் செந்தூரமும் பங்கனப்பள்ளியும் வரும். பிறகு மல்கோவா, இமாம்பசந்த். கடைசியில், ஆனி ஆடியில் நீலம். கிளிமூக்கு காயாகவே உப்பு மிளகாயோடு நன்றாக இருக்கும். நாட்டு மாம்பழத்தை நறுக்கக் கூடாது. கையால் மெதுவாக உருட்டிப் பிசைந்து, காம்பில் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். முழங்கை வரை சாறு வழிந்தால்தான் சாப்பிட்ட மாதிரி. பழைய சோறு தயிரோடு ஒரு துண்டு பழம் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ருசி தெரியும்.

நீலம் பழத்தை அறுத்தால் கொட்டையில் வண்டு இருக்கும். தோலில் ஓட்டையே இல்லையே, எப்படி உள்ளே போச்சு? பிஞ்சாக இருக்கும்போதே வண்டு தோலில் முட்டை வைக்கிறது. புழு துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கும்போது அந்தத் துளை மூடிக்கொள்கிறது. சதை கெடாமல் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

உடம்புக்கு என்ன லாபம்

* மஞ்சள் நிறம் தருவது கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கு நல்லது.
* வைட்டமின் சி இருக்கிறது. கீரை, கேழ்வரகு, பயறு இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவுகிறது. அதனால் கேழ்வரகுக் கூழோடு மாம்பழம் நல்ல ஜோடி.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. மாம்பழம் மட்டும் சாப்பிட்டு ரத்தசோகை தீராது. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனம். 100 கிராம் பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. வயிறு முட்டச் சோறு சாப்பிட்டு அதற்கு மேல் பழமும் சாப்பிடாதீர்கள். சோற்றைக் குறைத்து இரண்டு துண்டு போதும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை உள்ளவர்கள் செவிலியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்பைடு கல் ஏன் கூடாது

மாங்காய் பறித்த பிறகும் பழுக்கும். காய் தானாகவே எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அதுதான் பழுக்க வைக்கிறது. அவசரத்துக்குச் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைப் பொட்டலம் கட்டிக் கூடைக்குள் வைக்கிறார்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும். தோல் மஞ்சளாகும், உள்ளே இனிப்பு ஏறாது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற விஷப் பொருள்களும் கலந்திருக்கும். இப்படிப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம் என்று 2016ல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

பங்குனியிலேயே பளபளவென்று எல்லாப் பழமும் ஒரே மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் தரலாம்.

நாமே பழுக்க வைப்போம்

1. விளைந்த காயாக வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் விளைந்த காய் பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சு மிதக்கும்.
2. காம்போடு பறித்த காய் நல்லது. அடிபட்டதைத் தனியே எடுத்துவிடுங்கள்.
3. காம்புப் பால் பட்டால் வாய் வெந்து போகும். கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.
4. காய்ந்த வைக்கோல் பரப்பி, காய் அடுக்கி, மேலே வைக்கோல் மூடுங்கள். அரிசிப் பானையிலும் புதைக்கலாம். வாயு வெளியே போகாமல் நிற்கும், காய் சீராகப் பழுக்கும்.
5. தினமும் பாருங்கள். ஐந்தாறு நாளில் வாசனை சொல்லிவிடும். அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள்.
6. சாப்பிடும் முன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, தேய்த்துக் கழுவுங்கள். "சூடு குறையும்" என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். ஒட்டியிருக்கும் பாலும் அழுக்கும் போகும்.

குழுவாகச் சேர்ந்தால்

தனியாக 2 கிலோ வாங்கினால் கடைக்காரர் கொடுப்பதுதான் பழம். 12 பேர் சேர்ந்து ஆளுக்கு 3 கிலோ என்றால் 36 கிலோ ஆகிறது. தோப்புக்காரரிடமே நேராக விலை பேசலாம். ஒருவர் வீட்டில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைத்து, எடை போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இதற்குக் குழுச் சேமிப்பைத் தொடவேண்டாம். கைக்காசைத் தனியாக வசூலித்து, கணக்கை எல்லோர் முன்னும் படித்துவிடுங்கள்.

பங்கு பிரித்த அன்று வீட்டுக்குப் போகும் முன், அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முழுப்பழம் சாப்பிடுங்கள். இரண்டு கதுப்பும், கொட்டையும் சேர்த்து. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதில் மறுபடியும் கொட்டைதான் கிடைத்தாலும் பரவாயில்லை!

அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊக்குநர் கேட்பார்: "இந்த வருஷம் எத்தனை பழம் சாப்பிட்டீங்க?" பதில் தயாராக இருக்கட்டும்.