வாயை மூடிக்கொள்வது பிடிவாதம் அல்ல

மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா வந்தவர் பல் தேய்க்க மறுத்தாலோ, ஊட்டும் சோற்றைத் துப்பினாலோ, வீட்டார் அதைப் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் காரணம் வாய்க்குள் இருக்கிறது: சொத்தைப் பல், வீங்கிய ஈறு, பொருந்தாத பல் செட், நாக்கில் புண். வலிக்கிறது என்று சொல்லும் ஆற்றலையும் இந்த நோய் பறித்துவிடுவதால், மறுப்பு ஒன்றே அவருக்கு மிஞ்சிய மொழி. அதைக் கேட்காமல் அதட்டுவதும், தூக்க மாத்திரைக்கு அலைவதும் நாள்தோறும் நடக்கும் தவறு.

நோய் முற்ற முற்ற, பல் தேய்ப்பதன் வரிசை நினைவிலிருந்து நழுவுகிறது. பிரஷ் கையில் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாது. மனச்சோர்வுக்கும் மனக்கொந்தளிப்புக்கும் தரப்படும் மாத்திரைகள் பல, எச்சிலை வற்றச் செய்பவை. எச்சில் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். வாயில் பெருகும் கிருமிகள் புரையேறும்போது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அது உயிராபத்து. வாய் அழுக்கு வாயோடு நிற்பதில்லை.

அன்றாடச் சுத்தம் பழைய வழக்கத்தை ஒட்டியே அமைய வேண்டும். ஆயுள் முழுதும் கொல்லைக் குழாயடியில் நின்று பல் விளக்கியவரைக் கட்டிலில் படுக்கவைத்துத் தேய்த்தால் மிரளுவார். பல் தேய்த்த பிறகே காபி என்ற வீட்டு ஒழுங்கு இருந்தால், அதையே நினைவூட்டலாகப் பயன்படுத்தலாம். உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். துப்பத் தெரியாதவருக்கு அதிலும் குறைவாக, மெல்லிய பூச்சாக வைத்து, மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்ல வேண்டும்: “அப்பா, பிரஷைப் பிடிங்க”, பிறகு “வாயைத் திறங்க”. எதிரே நின்று தானும் தேய்த்துக் காட்டினால் சிலர் பார்த்துச் செய்வார்கள். சிலருக்கு அவர்கள் கைமேல் கைவைத்துத் தொடங்கிவைத்தால் பழக்கம் தானாக மீளும். தன் முகமே அடையாளம் தெரியாதவருக்குக் கண்ணாடி அச்சமூட்டும்; அங்கிருந்து தள்ளி நிற்கவைக்கலாம். மறுத்தால் விட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்து, முடிந்தால் வேறொருவர் முயல வேண்டும். முழுதும் முடியாத நாளில் காலையில் மேல்வரிசை, இரவில் கீழ்வரிசை என்று பிரிக்கலாம். தூக்கத்தில் எச்சில் குறையும். ஆகவே இரவுத் தேய்ப்பைத் தவறவிடக் கூடாது.

கையைக் காலைப் பிடித்து அழுத்தி வாயைத் திறக்கக் கூடவே கூடாது. அந்த அச்சம் அடுத்த நாளுக்கும் தொடரும். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே விரலை விடவும் கூடாது, கடித்துவிடுவார்கள்.

பல் செட்டைத் தினமும் கழற்றித் தேய்த்து, இரவில் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் மேலண்ணத்தில் பூஞ்சைத் தொற்று படரும். உடைந்த செட்டையோ ஆடும் சிறு செட்டையோ விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. முதியோர் இல்லத்தில் இருப்பவரின் செட்டில் பெயர் பொறிக்கச் சொல்ல வேண்டும். மாறிப்போனால் தன்னுடையதல்ல என்று அவரால் சொல்ல முடியாது.

கன்னத்தை அடிக்கடி பிடித்துக்கொள்வது, ஒரு பக்கமாக மெல்லுவது, சூடும் குளிர்ச்சியும் பட்டால் முகம் சுளிப்பது, திடீர்க் கோபம் ஆகியவை வலியின் அடையாளங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தவரின் கன்ன உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பார்த்துவர வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையோ வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது வாய்ப்புற்றாக இருக்கலாம்.

மறதிநோய் உறுதியானவுடனேயே, அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்துழைக்கும் காலத்திலேயே, பல் மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சைகளை முடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலி தாங்காத நிலை வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அப்போது எளிய பல் பிடுங்கலுக்கும் மயக்கமருந்து தேவைப்படலாம்.

போகும்போது ஒரு கோப்பில் இவை இருக்க வேண்டும்: எல்லா மாத்திரைகளின் பட்டியல், மறதிநோய்க்கான மருத்துவச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆதார், வழக்கமான மருத்துவரின் தொலைபேசி எண். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, மாத்திரையையும் தனியே அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். முன்னது ரத்தப்போக்கை நீட்டிக்கும். பின்னதால் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். ஆனால் எந்த மாத்திரையையும் வீட்டாரே நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் 60 வயது நிறைந்தவர்களுக்குத் தனி வரிசை அமைக்கச் சொல்கிறது. மறதிநோயாளியை மூன்று மணி நேரம் பொது வரிசையில் நிறுத்தும் ஊழியர் சட்டத்தைப் படித்ததில்லை என்பது சாக்காகாது. ஓ.பி. சீட்டு எடுக்கும்போதே தனி வரிசை கேட்க வேண்டும். மறுத்தால் தேதி, நேரம், பிரிவு ஆகியவற்றைக் குறித்துக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற வேண்டும். பலனில்லையெனில் தமிழ்நாட்டில் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதியலாம். வாய்மொழிப் புகார் காற்றோடு போய்விடும்.

பிள்ளைகள் கைவிட்டால், அதே சட்டத்தின்படி பராமரிப்பு கோரலாம்; அதில் மருத்துவச் சிகிச்சையும் அடங்கும். மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். முதியவரால் இயலாதபோது அவர் அதிகாரமளித்த ஒருவரோ அமைப்போ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம். வழி தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

கூலிக்கு வரும் பராமரிப்பாளரிடம் குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் மட்டும் சொல்லிவிட்டு வாயை மறந்துவிடக் கூடாது. வேலைப் பட்டியலில் இரு வேளைப் பல் தேய்ப்பும், வாரம் ஒருமுறை டார்ச் அடித்து வாயைப் பார்ப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்ட நாளில், முதலில் பார்க்க வேண்டியது வாய்க்குள்தான்.