பாட்டி சொன்னதே சரி!

வீட்டுப் பூஜை அறையில் தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தவழும் கண்ணன், கையிலே வெண்ணெய், சுற்றிலும் தங்க ரேக்கு ஜொலிக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக ஸ்கேன் எடுக்கிறார்கள். என்ன ஏமாற்றம்! தங்கம் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது.

“நான் சரி செய்கிறேன்” என்று பேரன் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறான். சிறிது நேரத்தில் கண்ணன் நீல நிறமாகிவிடுகிறான்.

“கண்ணன் நீலந்தானே பாட்டி?”

“நம்ம கண்ணன் வெள்ளைடா!” என்கிறார் பாட்டி.

யார் சொல்வது சரி?

தங்கம் ஏன் கறுத்தது?

தங்க ரேக்கு கண்ணாடி மாதிரி. விழும் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். ஸ்கேனரின் விளக்கு சாய்வாக ஒளி பாய்ச்சுவதால், திரும்பும் ஒளி படம் பிடிக்கும் பகுதியில் விழாமல் தப்பிவிடுகிறது. தங்கம் கறுத்துப் போகிறது.

தவிர, தஞ்சாவூர்ப் படத்தில் மேடு எழுப்பிக் கல் பதித்திருப்பார்கள். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் பெயர்ந்துவிடக் கூடும். காமிராவே மேல். காமிராவுக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளை அட்டையைப் பிடித்தால், அதைப் பிரதிபலித்துத் தங்கம் தங்கமாகத் தெரியும்.

பட்டன் செய்யும் கோளாறு

கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக எழுதிவைக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான வர்ணங்கள்!

போட்டோஷாப், ஜிம்ப் போன்ற மென்பொருள்களில் தானாகவே நிறம் திருத்தும் வசதி உண்டு. ஏதேனும் ஒரு நிறம் தூக்கலாக இருந்தால், அது விளக்கின் குற்றம் என்று அது நினைத்துக்கொள்ளும். தஞ்சாவூர்ப் படத்திலோ சிவப்பும் தங்கமுந்தான் தூக்கல்! பட்டனைத் தட்டியதும் அவை வெளிறும். வெள்ளையில் நீலம் ஏறும்.

சாம்பல் அட்டை சாட்சி

இதற்கு எளிய வழி உண்டு. படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வையுங்கள். காமிராக் கடைகளில் கிடைக்கும். சாம்பல் நிறத்தில் மூன்று எண்களும் சமமாக இருக்க வேண்டும். சிவப்பு 190, பச்சை 175, நீலம் 140 என்று வந்தால்? விளக்கு மஞ்சள் அடித்திருக்கிறது என்று பொருள். மென்பொருளில் உள்ள சொட்டுக்குழாய்க் கருவியால் அட்டையைத் தொட்டால், அந்த மஞ்சள் படம் முழுவதிலிருந்தும் விலகும்.

எது குற்றம்? எது குணம்?

விளக்கு சேர்த்த மஞ்சளை நீக்கலாம். தீபப் புகையும் காலமும் சேர்த்த மஞ்சள் அப்படியல்ல. அது படத்தின் வயது. அதை நீக்கிப் பார்க்க ஆசையிருந்தால் தனி நகலில் செய்யுங்கள். முதல் பதிவை ‘டிஃப்’ கோப்பாக, கை வைக்காமல் பத்திரப்படுத்துங்கள். ‘ஜேபெக்’ கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் நுணுக்கம் தேயும்.

சரி, கண்ணன் விஷயம்? பழைய தஞ்சாவூர்ப் படங்களில் குழந்தைக் கண்ணனை வெள்ளை மேனியாகத் தீட்டுவது வழக்கம். சாயம் போனதல்ல, சித்திரக்காரர் வேண்டுமென்றே தீட்டியது! பாட்டி சொன்னதே சரி.

நாளைக்கு அசல் படம் கறையான் வாய்க்குப் போய்விட்டால், நகல்தான் மிஞ்சும். பேரனுடைய பேரன் அதைத்தான் நம்புவான். ஆகவே யந்திரத்தின் பிழையை மட்டும் திருத்துங்கள். பகல் வெளிச்சத்தில் அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

முடிந்தால் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்!