தலைமேல் வைத்த கை
வாசற்படி ஊழியம் – 7

தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஞானஸ்நானம் கொடுத்து முடித்ததும், பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்வாராம். ஈரம் காயாத தலை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்றும், சுவிசேஷத்தைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் கேடு தனக்கே என்றும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 9ஆம் அதிகாரத்தில், பவுல் தன்னைப் பற்றிச் சொன்னதுதான் அது. அப்போஸ்தலன் சொன்னதை, அன்று காலையில் சபைக்குள் வந்தவர் வாயில் வைத்தார் அசரியா.

அவர்கள் யார் என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். எழுத்து தெரியாதவர்கள். பிறந்ததிலிருந்து பிறர் சொல்லக் கேட்டுக் கைகட்டி நின்றவர்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம், "உன்னிடம் ஒரு செய்தி இருக்கிறது, நீ சொல்லாவிட்டால் ஊருக்கு நஷ்டம்" என்று ஒரு பேராயர் சொல்வது எவ்வளவு பெரிய காரியம்! சுவிசேஷத்தை அறிவிப்பது கடமை என்று நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அது ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதையும்கூட என்பதை நான் தோர்ணக்கலில்தான் படித்தேன்.

அசரியா நம் ஊர்க்காரர். 1874இல் திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில், ஒரு சபைக் குருவானவர் வீட்டில் பிறந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் திருநெல்வேலியார் என்ன செய்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம் என்பது அதன் தீர்மானம். ஊழியத்துக்கு எடுத்த இடம், நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல் சுற்றுவட்டாரம். 1909இல் அசரியா தாமே அங்கே குடிபோனார். தெலுங்கு படித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் மனம் உடனே எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறது.

நாசரேத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா உழக்கால் அரிசியை அளந்து சுளகில் போடுவாள். கல் பொறுக்குவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் சின்ன மண்பானையில் போட்டு மூடுவாள். பிடியரிசிப் பானை. அளந்துவிட்டு எடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கூட ஒரு பிடி அளந்து எடுத்தால் அது சேமிப்பு. எங்கள் சோற்றிலிருந்து எடுத்தால்தான் காணிக்கை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். ஏலம் விட்ட பணம் ஊழியத்துக்குப் போகும்.

அடுத்த வீட்டு அத்தை (சொந்தமில்லை, வேறு சாதி, வேறு சாமி, ஆனாலும் எங்களுக்கு அத்தைதான்) ஒருநாள் நெருப்பு வாங்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"தெனமும் ஒரு கை எடுத்து வைக்கியளே, யாருக்கு மதினி?"

"முன்னப்பின்ன தெரியாத ஊர்ல ஊழியம் செய்யுதாவள்லா, அவியளுக்கு."

"ஒங்க ஆளுவளா?"

"இல்ல. நாங்க பாத்ததே கெடையாது."

"பாக்காதவியளுக்கா வயித்தக் கட்டுதிய?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தன்னையும் முன்னப்பின்ன பார்க்காத யாரோ நினைத்ததால்தான் தன் பாட்டி எழுத்துப் படித்தாள் என்றாள். பிறகு இயேசுவைப் பற்றிச் சொன்னாள். பிரசங்க வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. நெருப்பு வாங்க வந்தவள் அதை மறந்து உட்கார்ந்திருந்தாள். கேள்வி அவளுடையது. அதனால் பதிலுக்கு அங்கே இடம் இருந்தது. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுளகு நினைவுக்கு வரும்.

எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. கல்லூரி நாட்களில் ரயிலில் கைப்பிரதி கொடுக்கும் குழு ஒன்றில் இருந்தேன். ஒரு பெட்டியில் ஜன்னலோரம் ஒரு பெரியவர். அவர் கையிலும் ஒரு கைப்பிரதியைத் திணித்தேன். அவர் அதை நான்காக மடிக்கவில்லை, கீழே போடவில்லை; மடியிலிருந்த எக்ஸ்ரே உறைக்குள் பத்திரமாக வைத்தார். "படிக்கேன் தம்பி. சித்த உக்காந்துட்டுப் போங்களேன்" என்றார். அடுத்த நிலையத்துக்குள் இன்னும் மூன்று பெட்டி முடிக்க வேண்டும். "வாரேன் ஐயா" என்று நகர்ந்துவிட்டேன். அந்த உறை யாருடையது, அவருடையதா, மனைவியுடையதா? நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் எத்தனை பிரதி கொடுத்தோம் என்று எண்ணிக்கை சொன்னோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை நினைவில்லை, அந்த எக்ஸ்ரே உறை இருக்கிறது.

தோர்ணக்கலுக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு வாரம் அங்கே சாட்சி வாரம் நடந்தது. கூலிக்காரச் சபையார் கூட்டம் கூட்டமாக அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குப் பாடிக்கொண்டு போவார்கள். ஆனால் அந்த ஒரு வாரத்தைத் தாங்கிப் பிடித்தது மற்ற ஐம்பத்தோரு வாரம். அழுக்கு, நோய், கடன், குடி, இந்த நான்கையும் அசரியா சபையின் சத்துருக்களாகவே பார்த்தார். கிராமத்துக்கு அனுப்பும் உபதேசியாரோடு அவர் மனைவிக்கும் பயிற்சி உண்டு. அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்கள் மத்தியில் உழைத்தார். கிராமத்தில் யாருக்கும் மறைவிடம் கிடையாது. நேற்றுவரை குடித்துவிட்டு வரப்பில் கிடந்தவன் இன்று கிடக்கவில்லை என்பது முதலில் தெரிவது அவனைக் கூலிக்கு வைத்திருக்கும் நிலக்காரருக்குத்தான். 1930களில் அந்தப் பகுதியில் சாதி இந்துக்களும் சபைக்கு வரத் தொடங்கியபோது, பலர் சொன்ன காரணம் இதுதான்: எங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் மாறியதைப் பார்த்தோம்.

இதே காலத்தில் காந்தி இந்தக் கூட்ட மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். எளியவர்களின் இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆசை காட்டி, பயம் காட்டி ஒருவரை அழைப்பது சுவிசேஷமே அல்ல. அந்த எச்சரிக்கையைக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் படிக்காத ஏழைக்கு ஆத்துமாவின் காரியங்களை எடைபோடத் தெரியாது என்ற நினைப்பை என்னால் ஏற்க முடியாது. அசரியாவும் ஏற்கவில்லை. தலைமேல் கை வைத்து நின்றவர்களை அவர் அறிந்திருந்தார்.

1939இல் தோர்ணக்கலில் பேராலயம் பிரதிஷ்டையானது. இந்துக் கோயில் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் சேர்ந்த அமைப்பு அது. அந்நியக் கட்டடமாக நிற்காமல், வழியில் போகிற எவருக்கும் தன் ஊர்க் கட்டடமாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. 1945 புத்தாண்டு நாளில் அசரியா கண்மூடினார்.

எங்கள் அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மா டைபாய்டில் விழுந்தாள். மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் எங்கள் அடுப்பங்கரைக்கே வந்து பொங்கிப் போட்டாள். உடம்பு தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா முதல் முறையாக உள்ளே வந்த அன்று, பிடியரிசிப் பானை அப்படியே கிடக்கும் என்று நினைத்து மூடியைத் திறந்தாள். பானை முக்கால் இருந்தது. தினமும் ஒரு பிடி விழுந்திருக்கிறது.

"ஒங்க வீட்டு வழக்கத்த நான் ஏன் முறிக்கணும்?" என்றாள் அத்தை.

அவள் கடைசிவரை சபையில் சேரவில்லை. அம்மா அதைச் சொல்லி அவளை ஒருநாளும் நெருக்கியதும் இல்லை. காலையும் மாலையும் அவள் பேரைச் சொல்லி ஜெபிக்காமல் இருந்ததும் இல்லை. அந்த மாதக் கடைசி ஞாயிறு, நடக்கத் தெம்பில்லாத அம்மாவோடு, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசல்வரை வந்தது அத்தைதான்.

(தொடரும்)